சேமித்து வைத்த வீடியோ ஏன் காணாமல் போகிறது?

யூடியூபில் சில வருடங்களுக்கு முன் உருவாக்கிய பிளேலிஸ்ட் ஒன்றைத் திறந்து பாருங்கள். பார்க்க முடியாத வீடியோக்கள் மறைக்கப்பட்டுள்ளன என்ற வரி அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். மெனுவில் போய் அவற்றையும் காட்டச் சொன்னால், தலைப்பும் படமும் இல்லாத சாம்பல் நிறக் கட்டங்கள் வந்து நிற்கும். அது கருந்துளை பற்றிய பாடமா, பொதுக்கூட்டப் பேச்சா, பழைய நாதஸ்வரக் கச்சேரியா என்று கண்டுபிடிக்க அங்கே எந்தத் தடயமும் இருக்காது.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்திய அரசு 16 பாகிஸ்தான் யூடியூப் சேனல்களை முடக்கியது. அந்தப் பட்டியலில் செய்திச் சேனல்களோடு முன்னாள் கிரிக்கெட் வீரர் சோயிப் அக்தரின் சேனலும் இருந்தது. அரசியலோடு சம்பந்தமே இல்லாமல், பந்துவீச்சு நுணுக்கத்துக்காகச் சேமித்து வைத்த வீடியோவும் அதோடு இந்தியாவில் திறக்காமல் போனது.

ஒரு வீடியோ நீக்கப்படுவது, தடுக்கப்படுவது, ஒளித்து வைக்கப்படுவது மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். எது நடந்தது என்று தெரிந்தால்தான் அது திரும்ப வருமா, வேறு எங்காவது கிடைக்குமா என்று சொல்ல முடியும். அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

## நம் கணக்கில் சேமிக்கப்படுவது என்ன?

யூடியூபில் ஏறும் ஒவ்வொரு வீடியோவுக்கும் 11 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி கிடைக்கிறது. இதை வீடியோ ஐடி என்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26, எண்கள் 10, இடைக்கோடு, அடிக்கோடு என மொத்தம் 64 குறிகளிலிருந்து இது உருவாகிறது. சேவ் பொத்தானை அழுத்தும்போது நம் பட்டியலில் பதிவாவது இந்த ஐடியும், சேர்த்த நேரமும்தான். வீடியோ, தலைப்பு, முகப்புப் படம், சேனலின் பெயர் எல்லாம் யூடியூபின் சர்வரிலேயே இருக்கின்றன. பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை அங்கிருந்து புதிதாக வரவழைக்கப்படுகின்றன.

கூகுள் டேக்அவுட் என்ற சேவை மூலம் நம் கணக்கின் தரவுகளை இறக்கிக்கொள்ளலாம். அதில் பிளேலிஸ்ட் ஓர் அட்டவணைக் கோப்பாக வரும். ஐடியும் தேதியும் இருக்கும், தலைப்பு இருக்காது. நம் தரவையே நம்மிடம் தரும்போதும் கிடைப்பது வெறும் முகவரிகள்தான். ஒரு நண்பரின் வீட்டு முகவரியை எழுதி வைத்திருப்பதால் அவர் வீடு மாறாமல் இருக்கப்போவதில்லை, அது போலத்தான் இதுவும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. மூல வீடியோ போனால் தலைப்பும் சேர்ந்து போகிறது. எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

2. தலைப்பை உரிமையாளர் மாற்றினால் நம் பட்டியலிலும் அது மாறும். நாம் சேமித்தபோது என்ன பெயரில் இருந்தது என்பதற்குப் பதிவு இருக்காது.

3. அதே முகவரியில் இருக்கும்போதே வீடியோவின் உள்ளடக்கம் குறையலாம். யூடியூப் ஸ்டூடியோவில் உள்ள எடிட்டரால் ஒரு பகுதியை வெட்டலாம், ஒரு முகத்தை மங்கலாக்கலாம், பாட்டை நீக்கலாம். முகவரி மாறாது, பார்வை எண்ணிக்கையும் மாறாது. வேறொரு வீடியோவைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்க மட்டும் முடியாது.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓர் அரசியல்வாதி 40 நிமிடம் பேசிய பேச்சில் சர்ச்சைக்குரிய இரண்டு நிமிடங்கள் பின்னர் வெட்டப்பட்டிருந்தால், இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். நாம் மேற்கோள் காட்டிய வரி மட்டும் அதில் இருக்காது.

## எடுத்துவிடும் அதிகாரம் யாரிடம்?

ஐந்து தரப்பினரிடம் இருக்கிறது. சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சிலவற்றுக்கு விளக்கம் தேவை.

1. பதிவேற்றியவர். அவர் நீக்கலாம், அல்லது பிரைவேட் ஆக்கலாம். பிரைவேட் என்றால் வீடியோ சர்வரில் இருக்கும், ஆனால் அவர் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். இது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். தேர்தல் நேரத்தில் பழைய பேட்டிகள் பிரைவேட் ஆவதும், பிறகு சத்தமில்லாமல் திரும்புவதும் நடக்கக்கூடியதே.

2. தளத்தின் விதிமுறை. யூடியூபின் சமூக விதிகளை 90 நாட்களுக்குள் மூன்று முறை மீறியதாக முடிவானால் சேனலே மூடப்படும். அதிலிருந்த எல்லா வீடியோக்களும் போய்விடும், விதியை மீறாத வீடியோக்கள் உட்பட.

3. காப்பிரைட் வைத்திருப்பவர். இதில் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

முதல் வழி, 2007இல் தொடங்கிய கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை. இசை நிறுவனங்களும் படத் தயாரிப்பு நிறுவனங்களும் தங்கள் படைப்புகளின் மாதிரியைக் கொடுத்து வைத்திருக்கும். புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் கணினி அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலுமோ வீடியோ தடுக்கப்படலாம். சேனலுக்குத் தண்டனைப் புள்ளி கிடையாது. ஒரு பொதுக்கூட்டத்தில் பின்னணியில் ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டுக்காக முழுப் பேச்சும் தடுக்கப்படுவது இந்த வழியில் நடக்கலாம். கணினிக்குப் பாட்டு தெரியும், பேச்சின் முக்கியத்துவம் தெரியாது.

இரண்டாவது வழி, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் காப்பிரைட் சட்டத்தின் கீழ் கொடுக்கும் நீக்கக் கோரிக்கை. இது சட்டபூர்வமான நோட்டீஸ். இதற்குத் தண்டனைப் புள்ளி, அதாவது ஸ்ட்ரைக் உண்டு. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனல் மூடப்படும் நிலைக்குப் போகும். பதிவேற்றியவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால், புகார் கொடுத்தவர் 10 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும்.

இந்த மூன்று ஸ்ட்ரைக் விதி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது 2025 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்தது. ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன் காட்சிகளைச் சில விநாடிகள் பயன்படுத்தியதற்காகத் தங்களுக்கு ஸ்ட்ரைக் கொடுத்ததாகவும், அதை விலக்கிக்கொள்ளப் பெரும் தொகை கேட்டதாகவும் யூடியூபர்கள் சிலர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்கள். நிறுவனம் தன் உரிமையைத்தான் காக்கிறது என்று பதில் சொன்னது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். பார்வையாளர் கவனிக்க வேண்டியது இதுதான்: சில விநாடிக் காட்சி பற்றிய தகராறில் பல வருட உழைப்பும், அதைச் சேமித்து வைத்தவர்களின் இணைப்புகளும் ஒரே நாளில் போகக்கூடும்.

4. அரசும் நீதிமன்றமும். இதற்கு அடுத்த பகுதியில் தனியாக வருகிறேன்.

5. நிறுவனத்தின் தொழில்நுட்ப, வணிக முடிவுகள். 2021 ஜூலை 23 அன்று, 2017க்கு முன் ஏற்றப்பட்ட அன்லிஸ்டட் வீடியோக்களை யூடியூப் தானாகவே பிரைவேட் ஆக்கியது. அன்லிஸ்டட் என்றால் தேடலில் வராது, இணைப்பு தெரிந்தவர்கள் பார்க்கலாம். பாதுகாப்பு மேம்பாடுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. விருப்பமில்லாத உரிமையாளர்கள் விலகிக்கொள்ள வாய்ப்பும் கொடுத்தார்கள். ஆனால் கணக்கைக் கவனிக்காமல் விட்டவர்கள், கடவுச்சொல்லை மறந்தவர்கள், இறந்துபோனவர்கள் எப்படி விலகிக்கொள்வார்கள்? வகுப்பு மாணவர்களுக்கென்று ஆசிரியர்கள் அன்லிஸ்டட் ஆக ஏற்றிய பாடங்களுக்கும் இதே கதிதான். இதற்கு முன் கூகுள் வீடியோ என்ற சேவை 2012இல் முழுவதுமாக மூடப்பட்டது. குறு வீடியோக்களுக்கான வைன் செயலி 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று மற்ற 58 செயலிகளோடு தடை செய்யப்பட்டபோது, அங்கே சேமித்து வைத்திருந்தவை எல்லாம் நம் பார்வையிலிருந்து ஒரே இரவில் மறைந்தன.

## அரசின் தடை எப்படி வேலை செய்கிறது?

இந்தியாவில் இதற்கான முக்கியக் கருவி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஏ பிரிவு. இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே ஒன்றை முடக்கச் சொல்ல முடியும். பொய்ச் செய்தி, ஆபாசம் என்பவை இந்தப் பட்டியலில் தனிக் காரணங்களாக இல்லை. உத்தரவை மதிக்காத நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. அதனால் நிறுவனங்கள் பெரும்பாலும் உடனே கீழ்ப்படிகின்றன.

நடைமுறை 2009ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. வழக்கமான பாதையில் ஒரு குழு கூடி ஆராய வேண்டும், பதிவேற்றியவரையோ தளத்தையோ கண்டறிந்து நோட்டீஸ் தர வேண்டும். அவசரப் பாதையில் முதலில் முடக்கிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். இந்த விதிகளில் இரண்டு இடங்கள் பார்வையாளரை நேரடியாகப் பாதிக்கின்றன.

ஒன்று, நோட்டீஸ் தருவது பற்றிய விதியில் இருக்கும் "அல்லது" என்ற சொல். பதிவேற்றியவருக்கு அல்லது தளத்துக்கு என்று இருப்பதால், தளத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள இடம் இருக்கிறது. தன் வீடியோ ஏன் முடக்கப்பட்டது என்று எடுத்தவருக்கே தெரியாத நிலை இதனால் வருகிறது.

இன்னொன்று, 16ஆம் விதி. முடக்கக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது அது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தது. அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றும் சொன்னது. எழுத்துபூர்வமான காரணம் இருக்கும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதே அதற்கு அடிப்படை. ஆனால் உத்தரவே கையில் கிடைக்காவிட்டால் எதை எதிர்ப்பது? இந்த விதிகளைக் கேள்வி கேட்கும் மனு ஒன்றில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. முடக்கும் அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலவரத்தைத் தூண்டும் வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றால் உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் காரணத்தை மறைத்து வைக்கும் முடக்கம், தேவையான தடையையும் தேவையற்ற தடையையும் பிரித்துப் பார்க்க முடியாமல் செய்துவிடுகிறது.

இதே சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் அவசர அதிகாரம் கொடுக்கப்பட்டது. 2002 குஜராத் கலவரம் பற்றிய பிபிசி ஆவணப்படத்தின் முதல் பகுதி 2023 ஜனவரியில் அந்த அதிகாரத்தின் கீழ்தான் முடக்கப்பட்டது. இதைத் தவிர அதே சட்டத்தின் 79ஆம் பிரிவின் 3பி உட்பிரிவு வழியாக, உள்துறை அமைச்சகத்தின் சஹ்யோக் தளம் மூலமும் நீக்க அறிவிப்புகள் போகின்றன. அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

பொதுவாக இந்தத் தடைகள் ஒரு நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். சென்னையில் திறக்காத இணைப்பு டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் திறக்கலாம். வீடியோ அழியவில்லை, இந்த எல்லைக்குள் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு யூடியூப் உட்படப் பல சமூக ஊடகங்களே மொத்தமாக நிறுத்தப்பட்டன. தடை நீங்கியதும் எல்லா இணைப்புகளும் பழையபடி வேலை செய்தன.

சில நேரம் தடை தன் எல்லையைத் தாண்டும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போய், இணையப் போக்குவரத்தின் வழிகாட்டித் தகவல் வெளியே கசிந்ததால், உலகின் பெரும்பகுதியில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. 2012 மே மாதம் நம் ஊரிலேயே இன்னொன்று நடந்தது. ஒரு தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவை வைத்து, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாகவே மூடிவிட்டன. அந்தப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குறும்படங்களும் பாடங்களும் சேர்ந்து முடங்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே நிலைமை சீரானது.

## திரையில் வரும் செய்தியை எப்படிப் படிப்பது?

இணைப்பைத் திறந்ததும் வரும் வாசகம் ஒரு முக்கியமான தடயம்.

1. "தனிப்பட்ட வீடியோ" என்றால் பதிவேற்றியவரின் முடிவு, அல்லது 2021 மாற்றத்தின் விளைவு. வீடியோ உயிரோடு இருக்கிறது. சேனலுக்கு எழுதிக் கேட்கலாம்.

2. பதிவேற்றியவர் நீக்கிவிட்டார் என்றால் அந்த முகவரியில் அது இனி வராது. மறுபடி ஏற்றினாலும் புதிய ஐடிதான் கிடைக்கும்.

3. காப்பிரைட் கோரிக்கை என்று ஒரு நிறுவனத்தின் பெயரோடு வந்தால் தகராறு நடக்கிறது. எதிர் அறிவிப்பு வென்றால் திரும்பும்.

4. கணக்கு மூடப்பட்டது என்றால் அந்தச் சேனலில் நீங்கள் சேமித்த மற்ற எல்லாமே போயிருக்கும்.

5. தேசியப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவால் இந்த நாட்டில் கிடைக்காது என்ற வாசகம் வந்தால், 69ஏ போன்ற உத்தரவு என்று புரிந்துகொள்ளலாம்.

6. எந்த விளக்கமும் இல்லாமல் "வீடியோ கிடைக்கவில்லை" என்று மட்டும் வந்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஐடியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் இதே வாசகம்தான் வரும்.

## அறிவியல் பாடங்கள் போனதும் மீண்டதும்

அரசியல் வீடியோக்கள்தான் போகும், பாடங்கள் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. இரண்டு நிகழ்வுகள் அதைப் பொய்யாக்குகின்றன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தன் வகுப்பறை உரைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருந்தது. அவற்றில் பலவற்றுக்கு வசன எழுத்துகள் இல்லை. காது கேளாதவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று புகார் போனது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை இது மீறுகிறது என்று 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை சொன்னது. பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட ஒளி, ஒலிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. புகார் நியாயமானது. எழுத்துகளைச் சேர்க்கும் செலவுக்குப் பதில் கதவைச் சாத்திய முடிவுதான் தவறு. கேட்க முடியாதவர்களுக்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை, கேட்க முடிந்தவர்களும் இழந்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த உரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. குறிப்பிட்ட நிபந்தனைகளோடு யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம் என்று முன்கூட்டியே தரப்படும் அனுமதிதான் இந்த உரிமம். அதனால் எல்பிஆர்ஒய் என்ற நிறுவனம் அவற்றை நகலெடுத்து வேறு இடத்தில் வைக்க முடிந்தது. 2022 நவம்பரில் பல்கலைக்கழகமும் நீதித்துறையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பாடங்களை எல்லோரும் பயன்படுத்தும் வகையில் மாற்றித் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்னொன்று, அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இயற்பியல் பேராசிரியராக இருந்த வால்டர் லெவின். உலகம் முழுவதும் இயற்பியல் மாணவர்கள் சேமித்து வைத்த பாடங்கள் அவருடையவை. இணைய வகுப்பில் ஒரு மாணவிக்குப் பாலியல் தொல்லை தந்தார் என்று விசாரணையில் முடிவானதும், 2014 டிசம்பரில் எம்ஐடி அவருடைய பாடங்களைத் தன் தளங்களிலிருந்து எடுத்தது. அவர் மீதான நடவடிக்கை சரியானதே. பாடங்களையும் எடுக்க வேண்டுமா என்பதில் அன்றே இரு கருத்துகள் இருந்தன. எம்ஐடியின் பழைய இணைப்புகள் செத்துப்போயின. ஆனால் அந்தப் பாடங்களும் திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால், பிறர் எடுத்த நகல்கள் யூடியூபிலேயே இன்றும் கிடைக்கின்றன.

இரண்டிலும் நகல்கள் தப்பியதற்குக் காரணம் உரிமம். இரண்டிலும் அந்த நகல்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்கள், பாடத்தின் பெயரையும் எண்ணையும் தெரிந்து வைத்திருந்தவர்கள். வெறும் ஐடியை மட்டும் வைத்திருந்தவருக்கு எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

## சாட்சியாக இருக்கும் வீடியோக்கள்

இழப்பு மிகவும் கடுமையாக இருப்பது இங்கேதான்.

2017இல் தீவிரவாத வீடியோக்களை நீக்க யூடியூப் இயந்திரக் கற்றல் முறையைக் கொண்டுவந்தது. சிரியாவில் குண்டுவீச்சுக்கு நடுவே பொதுமக்கள் எடுத்த ஆயிரக்கணக்கான வீடியோக்களும் அதில் மாட்டி நீங்கின. தாக்குதலைப் புகழும் வீடியோவுக்கும் தாக்குதலுக்குச் சாட்சியம் சொல்லும் வீடியோவுக்கும் படத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. எடுத்தவர்களில் பலர் கொல்லப்பட்டுவிட்டார்கள், அவர்களால் மேல்முறையீடு செய்ய முடியாது. சிரியன் ஆர்க்கைவ் என்ற அமைப்பு முன்கூட்டியே நகல்களைச் சேகரித்து வந்ததால் ஒரு பகுதி தப்பியது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு தன் அறிக்கைகளில் சுட்டியிருந்த சமூக ஊடகப் பதிவுகளைச் சரிபார்த்து 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 11 சதவீதம் நீங்கியிருந்தன. அவை மனித உரிமை மீறல்களுக்கான ஆதாரங்களாகச் சுட்டப்பட்டவை.

அதே 2017 ஆகஸ்டில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியாவின் படைத் தளபதி மஹ்மூத் அல் வெர்ஃபல்லி மீது கைது ஆணை பிறப்பித்தது. சமூக ஊடகங்களில் வந்த வீடியோக்கள் அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தன. ஒரு பக்கம் இவை நீக்கப்படுகின்றன, இன்னொரு பக்கம் நீதிமன்றம் இவற்றைத்தான் நம்புகிறது.

தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கைகள் கட்டப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் கைபேசி வீடியோவைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியபோது, இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு, துப்பாக்கி ஆய்வு ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். கோப்புக்குள் பதிவாகியிருந்த தேதி உட்படச் சில அம்சங்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த ஆய்வு சாத்தியமானது ஒரு கோப்பு கையில் இருந்ததால். தளத்தில் ஏற்றும்போது வீடியோ மறுபடியும் சுருக்கப்படுகிறது, கேமரா பதித்த உள் தகவல்கள் பார்வையாளருக்கு வரும் பிரதியில் பெரும்பாலும் இருப்பதில்லை. யூடியூப் இணைப்பை வைத்து இந்த அளவு ஆழமான சோதனை செய்ய முடியாது.

இந்தியாவின் 2021 விதிகளின்படி, புகாரின் பேரில் நீக்கப்பட்ட உள்ளடக்கத்தைத் தளங்கள் 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். அது விசாரணை அமைப்புகளுக்காக. பொதுமக்கள் கேட்டால் கிடைக்காது.

## டவுன்லோட் செய்தால் போதுமா?

யூடியூப் செயலியில் இருக்கும் டவுன்லோட் பொத்தான் நமக்கென்று ஒரு கோப்பைத் தருவதில்லை. பூட்டிய நிலையில் இருக்கும் தற்காலிகப் பிரதி அது. பிரீமியம் சந்தாதாரரும் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். மூல வீடியோ நீங்கியிருந்தால், இணையும்போது அந்தப் பிரதியும் போய்விடும்.

வேறு மென்பொருள் கொண்டு இறக்குவதை யூடியூபின் சேவை விதிகள் அனுமதிப்பதில்லை. இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் அது சட்டம், சேவை விதி என்பது நாம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். ஒன்று மற்றொன்றைத் தானாக நீக்கிவிடாது. திறந்த உரிமத்தில் உள்ளவற்றைப் பொறுத்தவரை பாதை எளிது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தன் பாடங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் தருகிறது.

## செய்யக்கூடியவை

1. முக்கியமான வீடியோவைச் சேமிக்கும்போது தலைப்பு, சேனல், வெளியான தேதி, தேவையான இடத்தின் நிமிடம், இரண்டு வரிக் குறிப்பு ஆகியவற்றைத் தனியாக எழுதி வையுங்கள். ஒரு சாதாரண நோட்டோ எக்செல் தாளோ போதும். மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இதுதான்.

2. ஏற்கெனவே சாம்பல் கட்டமாகிவிட்டதா? இணைப்பிலிருந்து 11 எழுத்து ஐடியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். யாராவது எங்காவது அதைத் தலைப்போடு பகிர்ந்திருக்கலாம். பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முழு முகவரியைக் கொடுத்தால், வீடியோ கிடைக்காவிட்டாலும் பக்கத்தின் தலைப்பு கிடைக்க வாய்ப்புண்டு. வீடியோ நீங்குவதற்கு முன்பே டேக்அவுட்டில் இறக்கி வைத்த பார்வை வரலாறு இருந்தால் அதில் தலைப்பு இருக்கும், தேதியை வைத்துத் தேடலாம்.

3. பேச்சு, பேட்டி போன்றவற்றை மேற்கோள் காட்டி எழுதினால், சொன்ன வார்த்தைகளை எழுத்தில் பெயர்த்து வையுங்கள். பக்கத்தை வேபேக் மெஷினில் பதிவு செய்யவும் செய்யலாம்.

4. நீங்களே எடுத்த வீடியோ ஒரு சம்பவத்துக்குச் சாட்சியம் என்றால், கைபேசியில் உள்ள மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாகுமென்ட் ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுக் கிடைக்கும் நீண்ட எண்ணெழுத்துத் தொடர் அது. கோப்பில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் முழுத் தொடரும் மாறிவிடும். கோப்பு கைக்கு வந்த அன்றே அதைக் கணக்கிட்டு வைத்தால், பிறகு திருத்தவில்லை என்று காட்ட உதவும். இந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உண்டு, ஒன்றில் ஆதாரத்தைத் தருபவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

5. பாடம், கூத்து, ஊர்த் திருவிழா, முதியவர்களின் நேர்காணல் என்று பொதுவுக்குப் பயன்படும் வீடியோ எடுப்பவர்கள், யூடியூபில் ஏற்றும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்வு செய்யலாம். அப்படிச் செய்தால் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் பிறர் நகல் வைக்க முடியும். அங்கே மூல வீடியோவின் உரிமத்தைத் தன்னார்வலர்கள் சரிபார்த்துக் குறித்து வைப்பதால், யூடியூப் பிரதி பின்னர் நீங்கினாலும் நகல் நிற்கும். ஈழத்து ஆவணங்களுக்கு நூலக நிறுவனத்தின் ஆவணகம் தளம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஏற்றுப் பாதுகாக்கிறது. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: அந்த உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால், ஏற்கெனவே நகலெடுத்தவர்களிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. நேர்காணலில் பேசுபவர்களிடம் பதிவேற்றும் முன்பே இதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.